மேடையும் பரணும்: வீட்டுக் கணினியில் மெமரி போதவில்லையா? கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒன்றையே கேட்கின்றன: கணினியில் ஏன் மெமரி போதவில்லை? அதனால் மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இதற்கே முழு இடத்தையும் கொடுத்திருக்கிறோம். படிகள் விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

கேள்வி: 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் உள்ள கணினி எங்களுடையது. மகளின் ஆன்லைன் வகுப்பு, குரோமில் பத்து டேப், ஒரு எக்செல் கோப்பு இவ்வளவு திறந்தாலே ‘நினைவகம் குறைவாக இருக்கிறது, கோப்புகளைச் சேமித்துவிட்டு நிரல்களை மூடுங்கள்’ என்று பெட்டி வருகிறது. டிஸ்கில் 300 ஜிபி காலியாக இருக்கிறதே, பிறகு எந்த மெமரி போதவில்லை? டாஸ்க் மேனேஜரில் ‘கமிட்டட் 5.3/5.4 ஜிபி’ என்று காட்டுகிறது. விர்ச்சுவல் மெமரி என்பது என்ன?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: நீங்கள் எழுதிய அந்த 5.4-லேயே விடை இருக்கிறது. அதற்கு முன் அடிப்படையைப் பார்த்துவிடுவோம்.

சமையலறையில் மேடையும் உண்டு, பரணும் உண்டு. அன்றாடம் புழங்கும் பாத்திரம் கைக்கு எட்டும் மேடையில் இருக்கும். பொங்கலுக்கு மட்டும் இறக்கும் வெண்கலப் பானை பரணில் கிடக்கும். மேடை நிறைந்துவிட்டால், கொஞ்ச நாளாகத் தொடாததைப் பரணில் ஏற்றி இடம் பண்ணிக்கொள்கிறோம். ரேம்தான் மேடை. டிஸ்கில் ‘பேஜ் ஃபைல்’ என்ற பெயரில் விண்டோஸ் ஒதுக்கிவைக்கும் மறைகோப்புதான் பரண். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, நிரல்களுக்கு ஒரே நினைவகம்போலக் காட்டும் ஏற்பாட்டுக்குத்தான் மெய்நிகர் நினைவகம், அதாவது விர்ச்சுவல் மெமரி என்று பெயர். இது புதிய யோசனை அல்ல. 1962-இல் இயங்கத் தொடங்கிய மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அட்லஸ் கணினியிலேயே, டாம் கில்பர்ன் குழுவினர் சிறிய கோர் நினைவகத்தையும் (அன்றைய மேடை) பெரிய காந்த டிரம்மையும் (அன்றைய பரண்) இப்படி இணைத்துக் காட்டினார்கள்.

நினைவகம் முழுவதும் 4 கேபி அளவுள்ள பக்கங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். 8 ஜிபி ரேம் என்றால் 20,97,152 பக்கங்கள். எந்த நிரலின் எந்தப் பக்கம் ரேமில் எங்கே இருக்கிறது என்று விண்டோஸ் ஒரு அட்டவணை வைத்திருக்கிறது. நிரல் கேட்ட பக்கம் ரேமில் இல்லையென்றால், பிராசசர் அந்த நிரலைச் சற்று நிறுத்திவைக்கும். விண்டோஸ் பக்கத்தை டிஸ்கிலிருந்து இறக்கி, அட்டவணையைத் திருத்தி, விட்ட இடத்திலிருந்து நிரலை ஓடவிடும். இதை ‘பேஜ் ஃபால்ட்’ என்பார்கள். பெயரில் ஃபால்ட் இருந்தாலும் இது பழுதில்லை, அன்றாட வேலை.

சிக்கல் வேகத்தில்தான். ரேமைத் தொட ஏறத்தாழ 100 நானோ நொடி ஆகும். சுழலும் ஹார்ட் டிஸ்கில் ஒரு பக்கத்தைத் தேடி எடுக்க ஏறத்தாழ 10 மில்லி நொடி; அதாவது லட்சம் மடங்கு. மேடையிலிருந்து கரண்டி எடுக்க ஒரு நொடி என்றால், இந்தப் பரணிலிருந்து எடுக்க ஒரு நாளுக்கு மேல் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி வகை டிஸ்க் பரணாக இருந்தால் அதே கணக்கில் பதினேழு நிமிடம்.

இப்போது உங்கள் எண்ணுக்கு வருவோம். ஓடும் நிரல்களைக் காட்டும் விண்டோஸ் கருவியான டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில், ‘கமிட்டட்’ வரியில் உள்ள முதல் எண், ‘இடம் தருகிறேன்’ என்று நிரல்களுக்கு விண்டோஸ் இதுவரை கொடுத்திருக்கும் வாக்கு. இரண்டாவது, அது கொடுக்கக்கூடிய உச்ச வாக்கு: ரேமும் பேஜ் ஃபைலும் சேர்ந்த தொகை. உங்கள் 4 ஜிபியில் பயன்படுவது ஏறத்தாழ 3.9. அதை 5.4-இலிருந்து கழித்தால் 1.5 ஜிபி. விண்டோஸின் பொறுப்பில் விட்டிருந்தால் 4 ஜிபி ரேமுக்கு பேஜ் ஃபைல் 12 ஜிபி வரை வளரலாம். எனவே உங்கள் கணினியில் யாரோ முன்பு 1536 எம்பி என்று கையால் கட்டிவைத்திருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது. டிஸ்கில் 300 ஜிபி காலியாக இருந்தும் விண்டோஸால் அதைத் தொட முடியாது. அடுத்த பதிலில் உள்ள படிகளின்படி அந்தக் கட்டை அவிழ்த்தால் எச்சரிக்கைப் பெட்டி வருவது நின்றுவிடும். ஆனால் வேகம் கூடாது. வாக்கு 5.3, மேடை 3.9 என்றால் மிச்சத்துக்குப் பரணைத்தான் நம்ப வேண்டும். வேகத்துக்கு வழி இன்னொரு 4 ஜிபி ரேம்தான்.

கேள்வி: விர்ச்சுவல் மெமரியை ரேமைப் போல ஒன்றரை மடங்கு வைக்க வேண்டும் என்று படித்திருக்கிறேன். என்னிடம் 16 ஜிபி இருக்கிறது. 24 ஜிபி வைக்க வேண்டுமா? எங்கே போய் மாற்றுவது?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: வேண்டாம். ஒன்றரை மடங்கு என்பது எக்ஸ்பி காலத்தில், 256 எம்பி, 512 எம்பி ரேம் இருந்தபோது, விண்டோஸே தொடக்க அளவாக எடுத்துக்கொண்ட கணக்கு. மேடை பெரிதாகப் பெரிதாகப் பரணின் தேவை குறையும். இந்த விதியோ ரேம் கூடினால் பரணையும் பெரிதாக்கச் சொல்கிறது. இன்றைய விண்டோஸின் தானியங்கி உச்சம் ரேமைப் போல மூன்று மடங்கு அல்லது 4 ஜிபி, இவற்றில் எது பெரிதோ அது. ஆனால் பொதுவாக அந்த டிரைவின் மொத்த அளவில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டாது. தேவைப்பட்டால்தான் அந்த உச்சம்வரை வளரும். பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே சரி.

மாற்றும் வழி: டெஸ்க்டாப்பில் அல்லது ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ‘திஸ் பிசி’ மீது வலது கிளிக், ‘பிராபர்ட்டீஸ்’, ‘அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்’. வரும் பெட்டியில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியின் ‘செட்டிங்ஸ்’, அதில் மறுபடி ‘அட்வான்ஸ்டு’ தாவல், கீழே ‘விர்ச்சுவல் மெமரி’யில் ‘சேஞ்ச்’. மேலே ‘ஆட்டோமேட்டிக்கலி மேனேஜ்’ என்று தொடங்கும் கட்டத்தில் டிக் இருந்தால் பொறுப்பு விண்டோஸிடம். திண்டுக்கல் வாசகி இந்த டிக்கைப் போட்டு ஓகே கொடுத்துவிட்டு, கணினியை ரீஸ்டார்ட் செய்தால் போதும்.

கையால்தான் வைக்க வேண்டும் என்றால் ஊகிக்காதீர்கள், அளந்து வையுங்கள். மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள ‘பிராசஸ் எக்ஸ்ப்ளோரர்’ இலவசம். உங்கள் கனமான வேலை நாளில், எல்லாவற்றையும் திறந்து பயன்படுத்திய பிறகு, அதன் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ பக்கத்தில் கமிட் ‘பீக்’ எவ்வளவு என்று பாருங்கள். 19 ஜிபி என்றால், அதிலிருந்து 16-ஐக் கழித்து 3 ஜிபியை ‘இனிஷியல் சைஸ்’ ஆகவும், அதில் இரு மடங்கை ‘மேக்சிமம் சைஸ்’ ஆகவும் கொடுங்கள். மேலே உள்ள டிக்கை எடுத்துவிட்டு ‘கஸ்டம் சைஸ்’ தேர்ந்தெடுத்தால்தான் இவற்றை அடிக்க முடியும். பெட்டி எம்பியில் கேட்கும்: 3072, 6144.

இங்கே நிறையப் பேர் சறுக்குகிறார்கள். எண்களை அடித்தவுடன் நேராக ஓகே கொடுத்துவிடுகிறார்கள். பக்கத்தில் ‘செட்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தாமல் ஓகே கொடுத்தால் மாற்றம் பதிவாகாது. அளவைக் கூட்டினால் பெரும்பாலும் உடனே நடைமுறைக்கு வரும். குறைத்தால் ரீஸ்டார்ட் தேவை.

கேள்வி: எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்று ஒரு காணொளியில் சொன்னதால் பேஜ் ஃபைலை முழுக்க நிறுத்திவிட்டேன். 8 ஜிபி ரேம். அதிலிருந்து குரோம் டேப்கள் திடீர் திடீரென்று செயலிழக்கின்றன. ஆனால் டாஸ்க் மேனேஜரில் 2.5 ஜிபி ‘அவைலபிள்’ என்றே இருக்கிறது. ரேம் பழுதா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: ரேம் பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு, வாக்குதான் தீர்ந்துபோயிருக்கிறது. ‘கமிட்டட்’ வரியைப் பாருங்கள், 7.6/7.8 என்பது போல ஏதாவது இருக்கும். நிரல்கள் இப்போதைய தேவைக்கு மேல் முன்கூட்டியே இடம் கேட்டு வாங்கிவைப்பது வழக்கம். கேட்ட இடத்தை அவை இன்னும் தொடாததால் ரேம் காலியாகத் தெரிகிறது. ஆனால் கொடுத்த வாக்கை என்றாவது காப்பாற்ற வேண்டுமே! பரண் இருந்தால், தொடாத இடத்துக்கு அதைக் காட்டி விண்டோஸ் வாக்குக் கொடுத்துவிடும். பெரும்பாலும் டிஸ்கில் ஒரு எழுத்துகூட எழுத வேண்டிவராது. நீங்கள் பரணை இடித்துவிட்டதால், யாருக்கும் பயன்படாத 2.5 ஜிபியைக் கையில் வைத்துக்கொண்டு புதிய டேபுக்கு ‘இல்லை’ என்கிறது.

தேய்மானப் பயத்துக்கு ஒரு கணக்கு. 250 ஜிபி வகை எஸ்எஸ்டிகளுக்கு 80 முதல் 150 டெராபைட் எழுதும்வரை தயாரிப்பாளர்கள் பொறுப்பேற்பது வழக்கம். பேஜ் ஃபைல் உட்பட எல்லாம் சேர்ந்து நாளுக்கு 20 ஜிபி எழுதினாலும் ஆண்டுக்கு 7.3 டெராபைட், 80-ஐத் தொடப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகும். தவிர, விண்டோஸ் 7 வெளிவந்த காலத்தில் மைக்ரோசாஃப்ட் அளந்து சொன்னபடி, பேஜ் ஃபைலில் ஒரு முறை எழுதினால் நாற்பது முறை வாசிக்கப்படுகிறது. சிறு சிறு வாசிப்புகளுக்கு எஸ்எஸ்டியைவிடப் பொருத்தமான இடம் இல்லை. மறுபடி தானியங்கிக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: சி டிரைவ் நிரம்பிவிட்டது. பேஜ் ஃபைலை டி டிரைவுக்கு மாற்றலாமா?
– ஒரு வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: டி என்பது அதே டிஸ்கின் இன்னொரு பகுதி என்றால் சி-யில் இடம் கிடைக்கும், வேகத்தில் லாபம் இல்லை. சி எஸ்எஸ்டி, டி ஹார்ட் டிஸ்க் என்றால் மாற்றவே மாற்றாதீர்கள். பதினேழு நிமிடப் பரணை விட்டுவிட்டு ஒரு நாள் பரணுக்குப் போவதாகும். முதலில் செட்டிங்ஸில் ‘ஸ்டோரேஜ்’ போய் ‘டெம்பரரி ஃபைல்ஸ்’ எவ்வளவு என்று பாருங்கள். பழைய அப்டேட் கோப்புகள், ரீசைக்கிள் பின் இவற்றிலேயே பல ஜிபி அடைந்துகிடக்கும். அந்தப் பட்டியலில் ‘டவுன்லோட்ஸ்’ என்று ஒன்றும் இருக்கும். அதில் டிக் போட்டால் நீங்கள் பதிவிறக்கிய சொந்தக் கோப்புகளும் அழிந்துபோகும், கவனம்.

கேள்வி: காலையில் 45 சதவீதம் இருக்கும் மெமரி, நாலைந்து நாளில் 90 தாண்டிவிடுகிறது. எல்லா நிரல்களின் எண்களையும் கூட்டினால் பாதிகூட வரவில்லை. தினமும் இரவு ஷட் டவுன் செய்கிறேன், ஆனாலும் சரியாவதில்லை. ‘நான்-பேஜ்டு பூல் 3.1 ஜிபி’ என்று இருக்கிறது. வைரஸா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: சரியான இடத்தைப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். ‘நான்-பேஜ்டு பூல்’ என்பது பரணுக்கு அனுப்பவே கூடாது என்று விண்டோஸும் டிரைவர்களும் (வைஃபை போன்ற சாதனங்களை இயக்கும் சிறு நிரல்கள்) ரேமிலேயே பிடித்துவைக்கும் பகுதி. வீட்டுக் கணினியில் இது சில நூறு எம்பி இருப்பதுதான் இயல்பு. 3.1 ஜிபி என்றால் ஒரு டிரைவர் கேட்டு வாங்கிய இடத்தைத் திருப்பிக் கொடுக்காமல் இருக்கிறது என்று பொருள். இதை மெமரி கசிவு என்பார்கள். இது எந்த நிரலின் கணக்கிலும் வராது. அதனால்தான் கூட்டுத்தொகை உதைக்கிறது.

ஷட் டவுன் ஏன் உதவவில்லை? டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கம் போய் ‘அப் டைம்’ பாருங்கள். தினமும் அணைக்கும் கணினியில் பத்து, இருபது நாள் என்று காட்டினால் ஆச்சரியப்பட வேண்டாம். ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ இருந்தால், ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸ் தன் உட்கருவையும் டிரைவர்களையும் அப்படியே டிஸ்கில் எழுதிவைத்து, மறுநாள் அதையே திரும்ப ஏற்றுகிறது. கசிந்ததும் சேர்ந்தே திரும்பி வருகிறது. ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால் மட்டுமே எல்லாம் புதிதாகத் தொடங்கும். இது தெரியாமல் ரேம் வாங்கியவர்கள், முழு விண்டோஸையும் மறுபடி நிறுவியவர்கள் ஏராளம்.

முதலில் ரீஸ்டார்ட் கொடுத்து அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நெட்வொர்க், வைஃபை டிரைவர்களை லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதுப்பியுங்கள். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை நீக்குங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், இரண்டு நாள் கவனிப்பு, பிறகு அடுத்தது. அப்போதுதான் குற்றவாளி எது என்று தெரியும். பூல் இயல்பாக இருந்து மொத்தம் மட்டும் ஏறினால், ‘டீடெயில்ஸ்’ தாவலில் தலைப்பு வரிசையை வலது கிளிக் செய்து ‘கமிட் சைஸ்’ நெடுவரிசையைச் சேர்த்துக்கொண்டு, காலையும் மாலையும் ஒப்பிடுங்கள். ஏறிக்கொண்டே போகும் நிரல்தான் கசிவது.

கேள்வி: லேப்டாப்புக்கு ரேம் வாங்கப் போகிறேன். எதைக் கேட்டு வாங்குவது? நானே மாட்டலாமா? எஸ்எஸ்டி வாங்குவது மேலா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து வருவோம். வழக்கமான வேலையின் நடுவில் ‘கமிட்டட்’டின் முதல் எண்ணைப் பாருங்கள். அது ரேமின் அளவைவிட மிக அதிகம் என்றால் ரேம் முதலில். அது ரேமுக்குள் அடங்கியும் டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் எஸ்எஸ்டி முதலில். 4 ஜிபியும் ஹார்ட் டிஸ்கும் உள்ள பழைய கணினிக்குப் பெரும்பாலும் இரண்டுமே வேண்டியிருக்கும்.

வாங்கும் முன் டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் வேகம், ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு’, ‘ஃபார்ம் ஃபேக்டர்’ மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ‘சோடிம்’ என்றால் கழற்றக்கூடியது. ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்றால் போர்டிலேயே பற்றவைத்தது, மாற்ற முடியாது. அடுத்து தலைமுறை: டிடிஆர்3, 4, 5. லேப்டாப் ரேமில் முறையே 204, 260, 262 ஊசிகள். ஊசிகளுக்கு நடுவில் உள்ள வெட்டின் இடமும் மாறும், ஒன்று மற்றதில் பொருந்தாது. டிடிஆர்3-இல் மட்டும் ஒரு கண்ணி: சாதா வகைக்கு 1.5 வோல்ட், ‘எல்’ சேர்ந்த வகைக்கு 1.35. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், ஸ்லாட்டிலும் பொருந்தும், ஆனால் 1.35 மட்டும் தரும் லேப்டாப்பில் சாதா ரேமைப் போட்டால் திரையே வராமல் போகலாம். பழைய ரேமின் ஒட்டுத்தாளைப் படம் எடுத்துக் கடையில் காட்டுவதே நல்லது. வேறு வேறு வேகமுள்ள இரண்டைப் போட்டால் இரண்டும் குறைந்த வேகத்தில் ஓடும். அதில் கெடுதல் இல்லை. ஒரே அளவில் இரண்டு போட்டால் இரட்டைத் தடத்தில் ஓடும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

மாட்டுவது கடினமில்லை. ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுங்கள். அப்போது முழுதாக அணையும். சார்ஜரை எடுத்து, பின்மூடியைக் கழற்றி, பேட்டரி இணைப்பை விடுவித்து, பவர் பொத்தானைப் பதினைந்து நொடி அழுத்திப் பிடியுங்கள். மேசையின் இரும்பு போன்ற உலோகத்தைத் தொட்டுவிட்டு, ரேமை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். வெட்டு பொருந்தும்படி ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் செருக வேண்டும். தங்க நிறப் பட்டை கிட்டத்தட்ட மறையும்வரை உள்ளே போக வேண்டும். அதன் பிறகே கீழ்நோக்கி அழுத்துங்கள். இரு பக்கக் கொக்கிகளும் ‘டிக்’ என்று பிடிக்கும். பட்டை பாதி தெரியும்போதே அழுத்திவிடுவதுதான் வழக்கமான தவறு.

திரை வராவிட்டால் பதறாதீர்கள். டிடிஆர்5 என்றால் முதல் முறை ரேமைச் சோதித்துப் பழகிக்கொள்ளச் சில நிமிடம்கூட எடுக்கும், காத்திருங்கள். மற்றவற்றில் கழற்றி, பட்டையைப் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் துடைத்து, துகளை நீக்கி மறுபடி செருகுங்கள். ஓடத் தொடங்கியதும் ‘விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்’ ஒரு முறை ஓட்டுங்கள். ஒரு பிழை வந்தாலும் அந்த ரேமைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ‘கொஞ்ச நாளில் சரியாகிவிடும்’ என்பதெல்லாம் ரேமில் கிடையாது.

கேள்வி: 8 ஜிபி போட்டும் 3.4 ஜிபிதான் பயன்படுகிறது என்று காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: கடைக்காரரைச் சந்தேகிக்க வேண்டாம். ‘சிஸ்டம்’ பக்கத்தில் 32-பிட் விண்டோஸ் என்று இருக்கிறதா என்று பாருங்கள். அது முகவரி கொடுக்கக்கூடியது 4 ஜிபிக்குத்தான். அதிலும் ஒரு பகுதியை கிராஃபிக்ஸும் பிற சாதனங்களும் எடுத்துக்கொள்ளும். 32-லிருந்து 64-பிட்டுக்கு மேம்படுத்தும் வழி இல்லை. கோப்புகளை வேறு டிஸ்கில் எடுத்துவைத்துக்கொண்டு புதிதாகத்தான் நிறுவ வேண்டும். ஏற்கெனவே 64-பிட் என்றால், ‘சிஸ்டம் கான்ஃபிகரேஷன்’ நிரலில் ‘பூட்’, ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ போய் ‘மேக்சிமம் மெமரி’ டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ரேம் கிளீனர் மென்பொருள் போடலாமா? போன்களில் ‘8 ஜிபி + 8 ஜிபி ரேம்’ என்று விற்கிறார்களே, அதுவும் இதே கதைதானா?
– ஒரு கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: கிளீனர் வேண்டாம். அது செய்வது, மேடையில் இருப்பதையெல்லாம் வலுக்கட்டாயமாகக் கீழே இறக்கிவிட்டு ‘பார், எவ்வளவு இடம்!’ என்று காட்டுவது. அடுத்த நொடி நீங்கள் குரோமைத் தொட்டால் எல்லாம் திரும்ப ஏற வேண்டும். அந்தக் காத்திருப்பு உங்கள் தலையில். அதைவிட, குரோம் செட்டிங்ஸில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ போய் ‘மெமரி சேவர்’ போட்டுவிடுங்கள். பார்க்காத டேப்களின் நினைவகத்தை அது விடுவிக்கும். குரோமில் ஷிஃப்ட்டும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்தினால் எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் எவ்வளவு தின்கிறது என்று தனிப்பட்டியலே வரும். டாஸ்க் மேனேஜரின் ‘ஸ்டார்ட்டப்’ தாவலில் தேவையில்லாதவற்றை ‘டிசேபிள்’ செய்யுங்கள்.

போன் விஷயத்தில் நீங்கள் நினைத்தது சரி. கூட்டல் குறிக்குப் பின்னால் இருக்கும் 8 ஜிபி, போனின் சேமிப்பகத்திலிருந்து ஒதுக்கிய பரண். பின்னணியில் கிடக்கும் ஆப் ஒன்றிரண்டு கூடுதல் நேரம் மூடாமல் இருக்க உதவும். 16 ஜிபி ரேம் உள்ள போன் ஆகிவிடாது. 128 ஜிபி போனில் இடம் ஏற்கெனவே நெருக்கடி என்றால் அதை அணைத்துவிட்டு அந்த 8 ஜிபியைப் படங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். விலையை ஒப்பிடும்போது கூட்டல் குறிக்கு முன்னால் இருக்கும் எண்ணை மட்டும் பாருங்கள்.